இரண்டாவது மாடி, பச்சை கேட்

அஃப்சருன்னிசாவுக்குக் குரல் போய் நாலு வருடம் ஆகிறது. புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை; கிசுகிசுப்புக்கூட வராது. ராயப்பேட்டைச் சந்தில் அந்த மாடி வீட்டில் அவளுக்கும் சேர்த்துப் பேசியவர் கணவர் அப்துல் கஃபார். கேஸ்காரரிடம், டாக்டரிடம், சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவர்தான். "என் பொண்டாட்டிக்கு நான்தான் லவுட்ஸ்பீக்கர்" என்பார். அவர் முதுகில் ஒன்று வைப்பாள்.

கீரை வண்டிக்கு மட்டும் அவர் தேவையில்லை. பால்கனியில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். கீழே தேவானை வண்டியை நிறுத்துவாள். கயிற்றில் கூடை இறங்கும்.

போன வருடம் கஃபாருக்கு மாரடைப்பு வந்தது. அன்று அவரே போன் செய்து, அவரே முகவரி சொல்லி, அவரே ஆம்புலன்ஸில் ஏறினார். அடுத்த முறை அவரால் பேச முடியாவிட்டால்? இருவருக்கும் அந்த ஒரு கவலைதான்.

அவளைக் காலா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடும் தங்கை மகன் தௌசீஃப் வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய எண் ஒன்றை அவள் போனில் பதிந்து கொடுத்தான்.

"பேசவே வேணாம் காலா. இதுக்கு மெசேஜ் போட்டா ஆம்புலன்ஸ் வந்துரும்."

அவளே யோசித்து எழுதி வைத்தாள்: 'எனக்குப் பேச்சு வராது. கணவருக்கு நெஞ்சுவலி. பள்ளிவாசல் பின்சந்து, பச்சை கேட், இரண்டாவது மாடி.'

"ஒரு தடவ அனுப்பிப் பாத்துடலாமா?" என்றார் கஃபார்.

"ஐயோ," என்றான் தௌசீஃப். "நெஜமாவே வண்டி வந்து நின்னா? யாரோ சாகக் கெடக்கறவங்களுக்கு வேண்டிய வண்டி. திட்டுவாங்க."

மூவரும் மரியாதைக்காரர்கள், அனுப்பிப் பார்க்கவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில், போட்டுப் பார்க்காத டார்ச் இருந்தென்ன, இல்லாமல் என்ன?

ஒரு மத்தியானம் தொழுகைக்குக் கை கால் கழுவப் போனவர் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. அவள் சுவரோடு சாய்த்து, பொத்தான்களைக் கழற்றி, நாக்குக்கடியில் மாத்திரையை வைத்தாள். செய்தியை அனுப்பினாள். போய்விட்டது என்று போன் காட்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தூரத்தில் ஒரு சைரன் கேட்டது. அது பெரிய ரோட்டோடு போய்விட்டது. மறுபடி அனுப்பினாள். தௌசீஃபுக்கும் அனுப்பினாள், வேலை நேரத்தில் அவன் போன் லாக்கரில் இருக்கும்.

கடைசியில் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டாள். "சொல்லுங்க, என்ன அவசரம்?" என்றது ஒரு பெண் குரல். அவள் நகத்தால் போனைத் தட்டினாள்.

"ஹலோ? பேச முடியலன்னா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுங்கம்மா."

பொறுமையாகத்தான் சொன்னாள் அந்தப் பெண். பக்கத்தில் இருந்தது கஃபார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. தட்டை எடுத்தாள்.

"பாயம்மா, கீரை தீந்துபோச்சு! நாளிக்கு எட்த்தாரேன்!" என்றாள் கீழிருந்து தேவானை.

விடாமல் தட்டினாள்.

"காது நல்லாத்தான் கீது! இல்லாத கீரைக்கு நான் இன்னா பண்றது? கொத்தமல்லி வோணும்னா கூடைய எறக்கு!"

தேவானை சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினாள். அஃப்சருன்னிசா தட்டையே வீசினாள். அது தக்காளிக் குவியலில் போய் விழுந்தது. ஏசிக்கொண்டே படியேறிய தேவானை வாசலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவள்தான் போனில் பேசினாள். வண்டி சீக்கிரமே வந்தது. வந்தவர் கஃபாரின் நாடியைப் பார்த்தார். அதன்பின் அவர் அவசரப்படவில்லை.

தௌசீஃப் அழுதான். "வேற நல்ல நம்பரா போட்டுத் தரேன் காலா." அவள் போனைக் கொடுக்கவில்லை.

இத்தா நாட்களில் விதவை வெளியே போவதில்லை. கீரைக்கு மறுபடி தட்டைத் தட்டினாள். தேவானை வண்டியை நடுச்சந்தில் விட்டுவிட்டு, முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி ஓடி வந்தாள்.

"இன்னா ஆச்சு பாயம்மா?"

அஃப்சருன்னிசா கூடையைக் காட்டினாள்.

"அடப் போம்மா! எனக்கு உசுரே பூட்ச்சு."

அடுத்த நாளும் அப்படியே ஓடி வந்தாள். மாடு கீரையில் வாய் வைத்துவிட்டது. மூன்றாம் முறை ஏறி வந்தவள் பேச முடியாமல் படியிலேயே உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள். அதற்குப் பிறகு அஃப்சருன்னிசா தட்டவில்லை.

தட்டு அலமாரியின் மேல் கிடக்கிறது. தேவானையின் வண்டி பால்கனிக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு போய்விடும்.