வெள்ளைப் பூ வரும்வரை

என் மகளுக்கு முறை மாப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் ஐயம்பேட்டையில் என் அண்ணன் மகன். இன்னொருவன் பிள்ளையார்பாளையத்தில், எங்களுக்கு அடுத்த தெருவிலேயே, என் வீட்டுக்காரரின் அக்காள் மகன். இருவரும் நன்றாகத்தான் நெய்வார்கள். எனக்கு அண்ணன் வீடுதான் வேண்டும். அதற்குக் காரணம் என் நாத்தனார். கல்யாணமாகி நான் வந்த அன்று, என் அப்பா நெய்து கொடுத்த அசல் பட்டுப்புடவையை விரலால் தடவிப் பார்த்து, "பட்டு மாதிரியேதான் இருக்குது" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள். நெசவுக்காரர் வீட்டில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அவளுக்கு என் மகள் மருமகளா?

"சாமியே சொல்லட்டும். பூ வெச்சுக் கேட்டுக்கினு வா" என்றார் வீட்டுக்காரர். வெள்ளை வந்தால் அண்ணன் வீடு, சிவப்பு வந்தால் அக்காள் வீடு.

அம்மன் சந்நிதியில் இரண்டு பொட்டலங்களை வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு அரளி. அன்று கூட்டம் அதிகம், அம்மன் காதில் சரியாக விழுந்திருக்காது என்று மறுநாளும் போனேன். மறுபடி அரளி. பிள்ளையாரிடம் கேட்டேன். அவரும் அம்மா பேச்சைத் தட்டவில்லை. வீட்டில், கூட்டமாக இருக்கிறது, நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

இந்த ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? நாங்கள் சைவம், ஆனாலும் சின்னக் காஞ்சிபுரத்துப் பெருமாளிடம் நடந்தேன். அவர் அம்மனுக்கு அண்ணன். அண்ணன் வீட்டுக்குச் சாதகமாகச் சொல்லாமல் இருப்பாரா?

"அதெல்லாம் இங்கே வழக்கமில்லேம்மா" என்றார் பட்டர். கொடிமரத்தடியில் நானே வைத்து நானே எடுத்தேன். வெள்ளை நந்தியாவட்டை.

சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அம்மன் முதல் நாளே சொல்லிவிட்டாள். அது பிடிக்காமல் அவள் பிறந்த வீட்டுக்கே போய்ப் புகார் சொல்லியிருக்கிறேன். என் நாத்தனார்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

பூவைக் குளத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

"சாமி இன்னா சொல்லிச்சு?"

"சிவப்பு" என்றேன்.

நல்ல நாள் பார்த்து நாத்தனார் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். நான் அந்தக் கல்யாணப் புடவையைத்தான் கட்டியிருந்தேன், வேண்டுமென்றே. முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் பட்டு மாதிரியேதாம்மா இருக்குது."

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சிவப்பு, சிவப்பு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உக்காருங்க அண்ணி, சாப்ட்டுட்டுப் போலாம்" என்று அவளுக்கு முதல் இலை போட்டேன்.