ஃபங்ஷனுக்குள் ஓர் ஆர்க்யுமென்ட்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ் சென்னீர்குப்பத்தைத் தாண்டியதும் அன்றைய பாடத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். முதல் வேலை. கையில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டம். தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில், அங்கே படிக்கிறவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்க என்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரை நான் அதுவரை பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

சென்டரை நடத்தியவர் வளைகுடாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முழுக்கைச் சட்டையைக் கசங்காமல் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. என்னை வேலைக்கு எடுத்த அன்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"புரோகிராம் எல்லாம் பசங்க போட்டுடுவாங்கம்மா. ஆனா ஸ்கிரீன்ல ஒரு வரி இங்கிலீஷ் வந்துட்டா போதும், கையைக் கட்டிக்கிட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க. நீங்க கிராமர் எடுங்க, வொகாபுலரி எடுங்க. இன்டர்வியூல வாயத் திறந்தாங்கன்னா அதுவே எனக்குப் போதும்."

எனக்குத் தெரிந்த கிராமர் கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. அதை அப்படியே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாள் வகுப்பில் அவர்களுடைய பாடப்புத்தகத்தைப் புரட்டி, எனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொருவராக எழுந்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்தான். சென்னீர்குப்பத்துக்காரன், லாரி டிரைவரின் மகன். என் பஸ்ஸில்தான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவான்.

பலகையில் இருந்த 'ஆர்க்யுமென்ட்' என்ற சொல்லைக் காட்டி, "பாஸ் த ஆர்க்யுமென்ட் டு த ஃபங்ஷன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆர்க்யுமென்ட் என்றால் வாக்குவாதம். ஃபங்ஷன் என்றால், நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி, கல்யாணம், காதுகுத்து. விசேஷ வீட்டுக்குச் சண்டையை அனுப்பி வைக்கச் சொல்கிறானே என்று நினைத்து, "அப்படிச் சொல்ல முடியாது. உட்காருங்க" என்றேன்.

இந்த முறை வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவன் உட்காரவில்லை.

"இன்னா மிஸ், கரெக்டாத்தான் சொன்னேன். ஃபங்ஷன்னா புரோகிராமுக்குள்ள ஒரு சின்ன வேலைக்காரன் மாதிரி மிஸ். அவன் வேலை செய்யணும்னா நாம ஏதாவது சரக்கு குடுக்கணும்ல? அந்தச் சரக்குதான் ஆர்க்யுமென்ட். சி லாங்வேஜ் புக்ல அப்டித்தான் போட்டுகீது."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னான். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்ட்ரிங், பஸ், மவுஸ், மெனு, மெமரி, பக் என்று நான் எழுதிப்போட்ட எல்லாமே எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். அந்தக் கட்டடத்துக்குள் அவற்றுக்கு வேறு வாழ்க்கை இருந்தது. ஸ்ட்ரிங் அங்கே கயிறு இல்லை, பஸ்ஸில் யாரும் ஏறுவதில்லை.

அன்று மத்தியானமே சார் அறைக்குப் போய், கம்ப்யூட்டர் வகுப்பில் நானும் ஒரு ஓரமாக உட்காரட்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செருப்பை வெளிய விட்டுட்டுப் போங்க" என்றார். ஏ.சி. அறைக்குத் தூசி ஆகாது. அதுதான் எனக்கு அனுமதி.

இப்படித்தான் காலையில் நான் மிஸ், மத்தியானம் அவர்களோடு ஒரு மாணவி. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். எனக்குப் பங்காளியாக வந்தவர் அந்த வகுப்பிலேயே கல்யாணம் ஆன ஒரே பெண். திருநெல்வேலிப் பக்கம். காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோதே கல்யாணம் பண்ணி, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகள் எல்.கே.ஜி. அவர் காலை வகுப்பில் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. கேள்வி கேட்டால் சிரிப்பார், இல்லாவிட்டால் தலையை ஆட்டுவார். ஏ.சி. அறைக்குள் வந்தால் மட்டும் காதோரம் மெதுவாகப் பேசுவார்.

"எதுக்குக்கா இங்க சேர்ந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எம் மக ஸ்கூல்ல டீச்சர் இங்கிலீஷ்ல என்னமோ கேக்கா மிஸ். நான் தலைய ஆட்டிட்டு வந்துருதேன். எதுக்கு ஆட்டினேன்னு எனக்கே தெரியாது. போன வாரம் அப்படித்தான் ஆட்டிட்டு வந்தேன். மறுநாள் பாத்தா எல்லாப் பிள்ளைகளும் கலர் டிரஸ், எம் பிள்ள மட்டும் யூனிஃபார்ம்ல நிக்கா."

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு அந்தத் திரைமேல் ஒரு பயம் இருந்தது. கட்டளையில் ஓர் எழுத்து தப்பினாலும் 'பேட் கமாண்ட்' என்று வரும். அந்த 'பேட்' அவரைச் சுடும். "பாருங்க மிஸ், என்னைய கெட்டவங்குது" என்று முகம் சிவந்து கையை எடுத்துவிடுவார். பேட் என்பது அவரைப் பற்றியது இல்லை, கமாண்டைப் பற்றியது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை வர்ணிக்கிற சொல் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று பிடிபட்டது. பாடப்புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த இலக்கணம் முழுக்க இந்தத் திரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் காலை வகுப்பு மாறிப்போனது. மத்தியானம் திரையில் பார்த்த வரிகளை மறுநாள் காலையில் பலகையில் எழுதுவேன். டிஸ்க்கைப் போடு, கீயை அழுத்து என்று மெஷின் சொல்வதெல்லாம் கட்டளை வாக்கியம். எழுவாய் எங்கே என்று கேட்டால், சொல்லாமல் விட்ட அந்த 'யூ' நாங்கள்தான் என்று எல்லோரும் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். 'இஃப்' பாடத்துக்கு நான் உதாரணமே தேட வேண்டியிருக்கவில்லை. சென்னீர்குப்பத்துக்காரன் எழுந்து, "இஃப் இட் ரெய்ன்ஸ் தென் த பஸ் வில் நாட் கம், எல்ஸ் இட் வில் கம் ஃபுல்" என்றான். தென்னும் எல்ஸும் புரோகிராமுக்குத்தான், பேச்சில் அப்படி வராது என்று திருத்தினேன். "அப்ப பேச்சுதான் மிஸ் கஷ்டம். புரோகிராம் ஈஸி" என்றான். அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன்.

செயப்பாட்டு வினை எடுத்த காலையில்தான் அது நடந்தது. கோப்பு அழிக்கப்பட்டது, வட்டு நிரப்பப்பட்டது என்று பலகை நிறைய எழுதிவிட்டு, "பேசிவ் வாய்ஸ்ல யார் செஞ்சாங்கன்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வேலை நடந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு சார் உள்ளே வந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

ஆபீஸ் மெஷின் ரிப்பேர் என்பதால், மறுநாள் பரீட்சைக்கான கேள்வித்தாள்களை எல்லாம் அவர் எங்கள் ஓரத்து மெஷினில்தான் அடித்து வைத்திருந்தார். அத்தனையும் காணோம்.

"யார் கை வெச்சது?" என்றார். பிறகு ஆங்கிலத்தில் ஒருமுறை கேட்டார்.

ஜன்னல் ஓரத்திலிருந்து குரல் வந்தது. "சார், த ஃபைல்ஸ் வேர் டெலீட்டட்."

"அதான் தெரியுதே. பை ஹூம்?"

"பேசிவ் வாய்ஸ்ல அது தேவையில்ல சார். மிஸ் இப்பத்தான் சொன்னாங்க."

பின்பெஞ்சில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தேன்.

அப்போது இரண்டாவது வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. என் பங்காளி அக்கா எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"ஐ டெலீட்டட் த ஃபைல்ஸ், சார். ஐ டைப்ட் த ராங் கமாண்ட்."

ஒரு தப்பும் இல்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள், இறந்தகாலம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த வகுப்பில் அவர் பேசிய முதல் ஆங்கிலம் அது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

காலையில் சீக்கிரமே வந்து தனியாகப் பழகிப் பார்த்திருக்கிறார். தன்னுடைய கோப்பை அழிக்கப் போய், அந்த இடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டார். "ஆர் யூ ஷ்யூர்னு கேட்டுச்சு சார்" என்று தமிழுக்கு மாறினார். "நம்மகிட்ட ஒண்ணு கேட்டா ஆமான்னுதான சொல்லணும்னு நெனச்சு ஒய்ய அமுக்கிட்டேன்."

சார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "நீ வா. பேசிவ் வாய்ஸ், நீதான்" என்றார். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போனார்கள். வேறு எதையும் அதன்மேல் பதியாமல் இருந்தால் அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் கட்டளை ஒன்று இருந்தது. அழிந்த ஒவ்வொரு கோப்பின் பெயரையும் முதல் எழுத்து இல்லாமல் காட்டி, அந்த எழுத்து என்ன என்று அது கேட்கும். சார் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டமாக நின்று பார்த்தோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தார். எல்லாம் திரும்பி வந்ததும் அவன் உள்ளிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

வெளியே வந்து, "அக்கா, இனிமே அது ஷ்யூரான்னு கேட்டா நோ அமுக்கிட்டு என்னக் கூப்புடு, இன்னா?" என்றான். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

சார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் நான் கிளம்பும்போது மட்டும், "அந்தம்மா பேசிட்டாங்களே" என்றார். அதுவும் எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

பேசினார், நிற்கவே இல்லை. அதன் பிறகு காலை வகுப்பில் அவரை உட்காரவைப்பதுதான் எனக்கு வேலையாக இருந்தது. காலம் தப்பும், ஆர்ட்டிகிள் விட்டுப்போகும், திருத்தினால் மறுபடி முதலிலிருந்து சொல்வார். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தபோது, என்ன பேசுவது என்று அக்கா, சென்னீர்குப்பத்துக்காரன், நான் மூன்று பேரும் மருந்துக் கடை வாசலில் நின்று ஒத்திகை பார்த்தோம். நான் டீச்சராக நடித்தேன். "மிஸ், நீங்க ரொம்ப நல்ல டீச்சரா கீறீங்க. அந்த டீச்சர் இப்டி சிரிக்க மாட்டாங்க. கொஞ்சம் மொறைங்க" என்று அவன் எனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தான்.

கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அன்று அக்கா ஒரு டிபன் டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பலகை சரியாகத் தெரியவில்லை, முன்பெஞ்சில் உட்காரவைக்க முடியுமா என்று முழுசாக ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். டீச்சர் பதிலைத் தமிழிலேயே சொன்னாராம். "பின்ன என்னத்துக்கு மிஸ் இத்தன நாள் என்கிட்ட இங்கிலீஷ்ல பேசினா?" என்று அவருக்கு ஒரே கோபம்.

அந்த பேட்ச் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். சென்னீர்குப்பத்துக்காரனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் என்னைப் பார்த்து, "இன்டர்வியூல பாஸ்ட் டென்ஸ் மட்டும் கேட்டாங்க மிஸ், ஃப்யூச்சரப் பத்தி யாருமே கேக்கல" என்று சொல்லிவிட்டு தன் நிறுத்தத்தில் குதித்து இறங்கினான். பிறகு அவனைப் பார்க்கவில்லை. சென்டர் இன்னும் சில வருடம் ஓடியது. பெரிய பெரிய சென்டர்கள் வந்ததும் சார் மூடிவிட்டார். நான் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் வேலைக்குப் போனேன். அந்த வேலைக்கு என் பட்டம் உதவியதைவிட அந்த ஓரத்து மெஷின்தான் உதவியது. எந்த வரியை எழுதினாலும், தனியாக உட்கார்ந்து இதைப் படிக்கிற ஒருத்தி முகம் சிவப்பாளா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். வேலை விடும் நேரம், நல்ல கூட்டம். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. அங்கே ஒரு கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் அவரிடம்தான் கொடுப்பார்களாம்.

"எம் மக இப்பம் என் இங்கிலீஷ்ல குத்தம் கண்டுபிடிக்கா மிஸ். வாயத் தொறந்தா திருத்துதா" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை அது.

நானும் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் ஆவடி பஸ் வந்துவிட்டது. கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று உள்ளே இருந்து சத்தமாகச் சொன்னார். எந்த வீடு, எந்தத் தெரு என்று நான் கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.