மூன்றாம் வரிசை, ஏழாவது குழி

எங்கள் மாதா கோயில் செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பாதையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிறது. அதன் கதையைச் சொல்லிவந்தவர், சாமியாருக்கு உதவியாகச் செபமும் ஞானோபதேசமும் சொல்லித்தரும் உபதேசியார் ஒருவர்தான். திருவிழாதோறும் பூசை முடிந்ததும் எழுந்து நின்று, தன் பாட்டனார் நிலம் கொடுத்ததையும், வெள்ளைக்காரச் சாமியார் கோட்டைப் பக்கம் சரிந்து கிடந்த கல்லைக் கொண்டுவந்து சுவர் எழுப்பியதையும் படிப்பார். அந்தக் கல்லை வண்டியில் ஏற்றி இறக்கிய எங்கள் ஆட்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதனாலேயே அவர் சொன்ன எதையும் நான் நம்பியதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருடம் அது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால் அம்மாவும் நானும் சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நான் பிறப்பதற்கு முன்பே, மூன்று வயதில் வாந்திபேதியில் போன அக்காவின் மேடு அங்கே இருந்தது. பெயரெழுதிய கல் வைக்க எங்களுக்கு வசதியில்லை. கல் இல்லாத மேட்டுக்கு எங்கள் ஊரில் ஒரே அடையாளம்தான். வருடா வருடம் யார் சுண்ணாம்பு அடிக்கிறார்களோ, அது அவர்கள் வீட்டுக் குழி.

அன்றைக்கு அந்த மேடு ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது. தலைமாட்டில் ஈரம் காயாத சிமெண்டுச் சிலுவை ஒன்று.

யாரோ தெரியாமல் அடித்துவிட்டார்கள் போல என்றாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. இது எங்களுடையது என்று வீட்டார் வந்து புதிதாகப் பதியாத மேடுகளைத் திருநாள் கழிந்ததும் மட்டமாக்கப்போவதாகப் புதுச் சாமியார் போன ஞாயிறுதான் சொல்லியிருந்தார். அக்காவின் மேட்டை ஒட்டி உபதேசியார் வீட்டுக் கல்லறைகள். நம் பிள்ளையின் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று வழி முழுக்க அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். மறுநாளும் சொன்னேன்.

அவரிடமே போய்க் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேல்துண்டை உதறினார்.

"அது உங்களுது இல்ல. உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காத."

எதையோ மறைக்கிற ஆள்தான் இப்படிப் பேசுவார் என்று முடிவு கட்டினேன்.

நேரே சாமியாரிடம் போய் அடக்கப் பதிவேட்டைக் கேட்டேன். அலமாரிச் சாவி உபதேசியார் இடுப்பில் இருந்தது. அவரே திறந்து, அவரே பக்கம் புரட்டி, விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார்.

"நீங்க கைய எடுங்க. நானே படிச்சுக்கிறேன்" என்றேன்.

"படி. அது லத்தீனு."

எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. காது சுட்டது. ஆனால் பெயர்களையும் எண்களையும் படிக்க லத்தீன் தேவையில்லை. பேதி வந்த அந்த ஒரு வாரத்தில் ஒன்பது அடக்கம். அக்காவின் பெயருக்கு நேரே மூன்று, ஏழு என்று இருந்தது. வரிசையும் குழியும் என்றார் சாமியார். எண்ணைச் சுரண்டித் திருத்தியிருக்கிறார்களா என்று தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். திருத்தம் இல்லை. கையெழுத்தும் பழைய சாமியாருடையது.

தோட்டத்துக்குப் போய்ப் பெரிய சிலுவையிலிருந்து நானே எண்ணினேன். இரண்டு முறை. மூன்றாம் வரிசையின் ஏழாவது இடத்தில் எருக்கு முளைத்திருந்தது. மேடு மண்ணோடு கரைந்து போயிருந்தது. நாங்கள் சுண்ணாம்பு அடித்துவந்தது நான்காம் வரிசையின் ஏழாவது குழி. பதிவேட்டில் அந்த ஒன்பது பேரில் நான்கு, ஏழு என்பதற்கு நேரே நான் பார்த்திருந்த பெயர் உபதேசியாரின் மகனுடையது. வயது இரண்டு.

அக்கா செத்தபோது அம்மா அதே பேதியில் படுத்துக் கிடந்தாள். நைனா கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். குழி வெட்டியவர் பிற்பாடு தூரத்திலிருந்து கைகாட்டிய மேட்டைத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள்.

உபதேசியார் எனக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். பதினெட்டு வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கம்மா மொத மொத வந்து உழுந்து அழுவசொல்ல நான் இங்கதான் நின்னுக்கினு இருந்தேன். எப்பிடிச் சொல்றது? நீங்க போனப்புறம் நாங்க வந்து மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவோம். இப்ப சாமியாரு மட்டமாக்கறேன்றாரு. எம்புள்ளைய வுட முடியுமா?"

அதையும் நான் உடனே நம்பவில்லை. இதிலும் ஏதாவது இருக்குமோ என்று சுற்றிப் பார்த்தேன். அவர் வீட்டுக் கல்லறைகள் பதினொன்று. இத்தனை வருடமும் பெயர்க்கல் வைக்காதது மகனுடைய அந்த மேடு ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"எதுல போட்டிருக்குதுன்ன?"

"பதிவேட்டுல. லத்தீன்ல."

"உனுக்கு லத்தீன் தெரியுமா?"

அகப்பையால் உலையைக் கிளறிக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"சாவி அவரு இடுப்புல. நீதான சொன்ன, அந்தாளு இடத்தப் புடிக்கப் பாக்கறாருன்னு? இப்ப இன்னாடி, அவரு பக்கம் பேசற?"

எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. திருநாளன்று காலையில் நேராக அந்தச் சிமெண்டுச் சிலுவை நின்ற மேட்டுக்குப் போய், வெள்ளை மேலேயே வெள்ளை அடித்தாள். உபதேசியாரின் மனைவி நகர்ந்து இடம் விட்டார்.

நான் ஒரு வரிசை தள்ளி எருக்கைப் பிடுங்கினேன். மண் கொட்டி மேடு கட்டி, மீந்த சுண்ணாம்பை அடித்தேன். பிறகு சாமியாரிடம் போய் அந்தக் குழியை எங்களுடையது என்று அக்காவின் பெயரில் பதிந்து, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த மேட்டை யாரும் மட்டமாக்கவில்லை. அம்மா ஒரு வருடம்கூட அதன் பக்கம் வரவில்லை.