ரோவீனாவின் சுழல் எஞ்சினும் டட்லியின் கப்பியும்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு டட்லி கிட்ரி தன் விமானக் கொட்டகையின் உத்தரத்தில் ஒரு சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டான். எஞ்சின் தூக்கும் கப்பி. அதன் கொக்கி ரோவீனாவின் விமான மூக்குக்கு நேர்மேலே வந்து நின்று ஆடியது.

“இது எதுக்கு?” என்றாள் ரோவீனா.

“உன் தையல் மிஷினைக் கழட்டத்தான். விதைப்புக்கு முன்னாடி நீ பறந்துட்டேன்னு வை, நானே கப்பிய எறக்கிடறேன். இல்லேன்னா அந்தக் கார் எஞ்சினத் தூக்கிப் போட்டுட்டு, ஊர் ஒலகத்துல எல்லாரும் வெக்கிற மாதிரி விமான எஞ்சின் வெக்கிறே. சம்மதமா?”

டட்லி அவள் கணவன் அல்சீயின் அண்ணன். தென்மேற்கு லூசியானாவின் நெல்வயல்களுக்கு மேலே பறந்து விதை தூவுவதும் மருந்து தெளிப்பதும் அவன் தொழில். புல் ஓடுதளமும் கொட்டகையும் அவனுடையவை. விதைப்புத் தொடங்கினால் அங்கே லாரிகள் வரிசை கட்டிவிடும். சோதனைப் பறத்தலுக்கு இடம் இருக்காது. எதிர்த்துப் பேசும் பழக்கம் ரோவீனாவுக்குக் கிடையாது. தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

ரோவீனா பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு முதுகு போனபோது பள்ளியை விட்டுவிட்டு, படகு இருக்கைகளுக்கு உறை தைக்க உட்கார்ந்தவள்தான். கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். சர்ச்சில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்துவிட்டால் பாட்டுகூட உதட்டுக்குள்ளேயே நின்றுவிடும். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. எந்தத் தையல் நாளைக்கு விடும், எந்த மனிதன் சிரித்துக்கொண்டே கோபமாக இருக்கிறான் என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

முப்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மேலே ஏறுவதில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் ரேடியோவில் பேசத்தான். அவள் முணுமுணுப்பது கீழே யாருக்கும் கேட்காது. “ஓடுதளத்துல எறங்கறது விமானமா, பேயா?” என்று டட்லி கேலி செய்வான்.

பிறகு அல்சீயும் அவளும் தையல் கொட்டகையிலேயே இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். இறக்கை முடிந்தது, உடல் முடிந்தது. மூக்கில் என்ன எஞ்சின் வைப்பது என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தபோது, இருக்கை தைக்கச் சொல்லி ஒருவன் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை ரோவீனா யோசிக்காமல் அதன் மேல் வைத்தாள். கிண்ணத்து எண்ணெயில் ஒரு வளையம்கூட எழவில்லை.

“உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டாள். முன்பின் தெரியாத ஒருவனிடம் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அல்சீ இன்றும் சொல்வான்.

உள்ளே மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் இல்லை. வயிறு புடைத்த முக்கோணம் ஒன்று, கிரைண்டருக்குள் குழவி சுற்றுவது போல, இடுப்பு சிறுத்த ஓர் அறைக்குள் சுற்றிக்கொண்டே பெட்ரோலை இழுத்து, அமுக்கி, எரித்து, புகையைத் துப்புகிறது. அப்படி இரண்டு முக்கோணங்கள், நடுவே ஒரு தண்டு. அவ்வளவுதான் எஞ்சின்! ரோவீனாவுக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. சில மாதங்கள் கழித்து அதே கார் வாய்க்காலில் கவிழ்ந்து நசுங்கியது. ஓட்டியவனுக்குக் காயமில்லை. எஞ்சின் ரோவீனாவிடம் வந்து சேர்ந்தது. அதை மூக்கில் மாட்டி, விமானத்தை டட்லியின் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.

சுழல் எஞ்சினுக்கு ஒரே ஒரு கோபம் உண்டு: சூடு. தரையில் ஓடிய முதல் சோதனையிலேயே எஞ்சினின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. “இப்பவே சொல்லு, இறால் வேகவெக்கப் பானை கொண்டாரேன்” என்றான் டட்லி. ரோவீனா சிவப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, ரேடியேட்டருக்குக் காற்று போகும் குழாய்க்குள் வரிசையாக ஒட்டி, சின்னக் கேமராவை உள்ளே வைத்துவிட்டு விமானத்தை ஓடுதளத்தில் விரட்டினாள். படத்தில் நூல்கள் ஒழுங்காக ஆடாமல் ஓரங்களில் சுருண்டு திரும்பின. காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கத்து இடுக்குகள் வழியே நழுவிக்கொண்டிருந்தது. படகு இருக்கைக்கு விளிம்பு தைக்கும் ரப்பரை அளவெடுத்து வெட்டி, ஒரு மயிரிழை இடுக்கு விடாமல் சுற்றிலும் அடைத்தாள். அடுத்த ஓட்டத்தில் முள் சிவப்புக்குப் போகவில்லை. தரையில் போகவில்லை, சரி. வானத்தில்?

அரசு ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதித் தாளும் கொடுத்துவிட்டார். மழையும் காற்றும் இழுத்தடித்ததில் விதைப்புக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமைதான் மிஞ்சியது. மறுநாள் மழை என்றார்கள். அன்றைக்கும் நண்பகலுக்கு மேல் வளைகுடாக் காற்று ஓடுதளத்துக்குக் குறுக்கே எழும் என்றார்கள். காலையில் பறந்தால் உண்டு.

விஷயம் எப்படித்தான் பரவியதோ, கொட்டகை முன்னால் வண்டிகள் நிறைந்துவிட்டன. ஒருத்தர் கையில் காப்பி, ஒருத்தர் கையில் சுடச்சுட, சோறும் இறைச்சியும் அடைத்த பூதான் தொத்திறைச்சி. இத்தனை முகங்களை ரோவீனா எதிர்பார்க்கவில்லை. நேராக விமானத்துக்குள் ஏறிக் கண்ணாடிக் கூண்டை மூடிக்கொண்டாள்.

“வெலகுங்க!” என்று அல்சீ கத்தினான். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உடனே பிடித்தது. கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மிரண்ட டட்லியின் நாய் டூடூ, பாய்ந்து நேரே சுழலும் புரொப்பல்லரை நோக்கி ஓடிவந்தது.

ரோவீனா எல்லாவற்றையும் பட்டென்று அணைத்தாள். புரொப்பல்லர் நின்றது. டூடூ அதன் அடியில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது.

எல்லோரும் சிரித்தார்கள். ரோவீனா சிரிக்கவில்லை. அவள் கண் எதிரே, கருவிப் பலகையின் தோலுறையில், அவளே சிவப்பு நூலில் தைத்த வாசகம் இருந்தது: ‘குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால் சூடேறும்வரை அணைக்காதே.’ மற்றவர்கள் மறந்துவிடக் கூடாதே என்று தைத்தது! குளிரில் எழும்போது இந்த எஞ்சின் பெட்ரோலை மடக்மடக்கென்று குடிக்கும். குடித்த வாயோடு அணைத்துவிட்டால் பெட்ரோல் உள்ளேயே தேங்கி, சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும். அப்புறம் முக்கோணத்தின் முனைகள் காற்றை இறுக்கிப் பிடிக்காது.

மறுபடி சாவியைத் திருப்பினாள். ர்ர்ர், ர்ர்ர் என்று இழுத்ததே தவிர, பிடிக்கவில்லை.

“என்ன ஷா?” என்று அல்சீ இறக்கை மேல் ஏறி வந்தான். கொஞ்சலாக அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

“மூழ்கிடுச்சு. அந்த நாயால… இல்ல, நாந்தான். நாந்தான் அணைச்சேன்.”

“அணைக்காம? டூடூவ ரெண்டா வெட்டியிருக்கும்ல. சரி, இப்ப என்ன பண்ணணும்?”

“நாலு பிளக்கையும் கழட்டு. பெட்ரோல் சுவிட்ச நான் அணைச்சுட்டேன்.”

பிளக்குகள் பெட்ரோலில் குளித்திருந்தன. எல்லோரையும் தூர விரட்டிவிட்டு, அவள் எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டாள். துளைகள் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. ஒவ்வொரு அறைக்குள்ளும் அல்சீ கொஞ்சம் எண்ணெய் விட்டான். பிளக்குகளைத் துடைத்து, உலர்த்தி, மாட்டினான். மறுபடி சாவி. ர்ர்… ர்… கடைசியில் வெறும் டக். பேட்டரி படுத்துவிட்டது.

காற்றின் திசை காட்டும் துணிப்பை ஓடுதளத்துக்குக் குறுக்கே மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து சங்கிலி கிணுகிணுவென்றது. கூட்டத்தில் ஒருவன் தொத்திறைச்சியை மென்றுகொண்டே, “கப்பிக்கு வேல வந்துடுச்சு டட்லி!” என்றான்.

டட்லி கொட்டகைக்குள் போனான். ரோவீனா இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எஞ்சினைக் கழட்டத்தான் கிளம்பிவிட்டான் என்று நினைத்தாள். அவனோ தன் மருந்து விமானத்தைக் கிளப்பும் பெரிய பேட்டரி வண்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“எதுக்கு டட்லி நீ…”

“தோத்தா உன் எஞ்சின் தோக்கட்டும். பேட்டரி தோத்து நான் ஜெயிச்சேன்னா ஊர்ல எவன் மதிப்பான்? நாயும் என் நாய். திருப்பு சாவிய!”

திருப்பினாள். ர்ர்ர்ர்ர். தும்மியது. ர்ர்ர்ர். இன்னொரு தும்மல். பிறகு உள்ளே விட்ட எண்ணெயெல்லாம் ஒரேயடியாக எரிந்து, கொட்டகையையே மூடும் அளவுக்கு வெள்ளைப் புகை கிளம்பியது! காப்பிக் கோப்பைகளைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். புகைக்குள்ளிருந்து இருமலும் வசவும் வந்தன. அதற்கெல்லாம் மேலாக, நடுக்கமே இல்லாத அந்தச் சீரான ரீங்காரம்.

இந்த முறை அவள் எதற்கும் அசையவில்லை. அல்சீ டூடூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். சூட்டுமுள் பச்சைக்கு வரும்வரை காத்திருந்தாள். அப்புறம் துணிப்பையைப் பார்த்தாள். குறுக்குக் காற்று வந்துவிட்டது, ஆனால் கைக்கு அடங்கும் காற்றுதான். வேகக் கைப்பிடியை முழுதாக முன்னே தள்ளினாள்.

புல் தடதடத்தது, லேசானது, காணாமல் போனது. பறக்கிறாள்! வாய்க்காலுக்கு அப்பால் நீர் நிறைந்த வயல்கள் சரிந்தன. வயல் நீரில் இறால் பிடிக்க வைத்த கூடைகளுக்கு நடுவிலிருந்து நூற்றுக்கணக்கில் கொக்குகள் கிளம்பின. அவள் கண்ணோ முள்ளிலேயே இருந்தது. ஏறுகிறது. பச்சையின் விளிம்பு. மஞ்சள். இன்னும் கொஞ்சம். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகம் கூட்டினாள். இப்போது காற்று அவள் அடைத்த குழாய்க்குள் நேராகப் பாய வேண்டும். பாய்ந்தே ஆக வேண்டும். முள் தயங்கியது. நின்றது. பிறகு, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் பிள்ளை போல, பச்சைக்கு வந்தது.

கீழே வண்டியில் இருந்த ரேடியோவைச் சுற்றி எல்லோரும் தலையை நீட்டி நின்றார்கள். வழக்கமான முணுமுணுப்பைக் கேட்கக் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். வந்ததோ காதைப் பிளக்கும் கூச்சல்:

“பச்ச! பச்சடா டட்லி! பச்சயிலயே நிக்குது! கேக்குதா?”

“மிசிசிப்பி வரைக்கும் கேக்குது தாயே,” என்றான் டட்லி. “மெதுவாக் கத்து.”

ஓடுதளத்தின் மேலேயே வட்டமடித்துவிட்டு, குறுக்குக் காற்றுக்கு ஓர் இறக்கையைச் சாய்த்து, ஒரு துள்ளலோடு இறங்கினாள். கொட்டகை வரை வந்து, எஞ்சினைச் சாவகாசமாக ஓடவிட்டு, பிறகே அணைத்தாள். கூண்டைத் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் பழையபடி முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். அல்சீ அவளை அப்படியே தூக்கி இறக்கினான்.

“கப்பிய எறக்கறேன்னு சொன்னியே,” என்றான் அல்சீ.

“எறக்கறேன், எறக்கறேன். இன்னிக்கி ஒரு வேல பாக்கி இருக்கு அதுக்கு.”

அன்று மதியம் விமானத்தை வெளியே புல்லில் நிறுத்திவிட்டு, காலியான கொட்டகையில் கப்பிக்கு நேர்கீழே பெரிய அடுப்பை மூட்டினார்கள். மிளகாயும் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதித்த பானையிலிருந்து, சிவக்கச் சிவக்க வெந்த வயல் இறால்கள் நிறைந்த கூடையை டட்லி அந்தக் கொக்கியில் மாட்டினான். சங்கிலியை இழுக்க ரோவீனாவைக் கூப்பிட்டான். அத்தனை பேர் பார்க்க, அவள் இழுத்தாள்.