அண்ணாச்சியைப் பார்க்கப் பாபநாசம் போன கதை

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, இரண்டு நாள் திருநெல்வேலிப் பக்கம் போய் வந்தேன். அருவிக்கும் இல்லை, அல்வாவுக்கும் இல்லை. மூன்று வருடமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தும் முகமே பார்க்காத ஒருவரைப் பார்க்கப் போனேன்.

இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறது. கைபேசி வழியாக உள்ளே போனால் நாம் விரும்பும் உருவம் ஒன்று கிடைக்கும். நடக்கலாம், உட்காரலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். அங்கே தமிழ் ஆட்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு ஆறும் கரையில் ஒரு டீக்கடையும் கட்டியிருக்கிறோம். டீ கிடைக்காது, பேச்சு மட்டும்தான். அங்கே நான் ஆறரை அடி. நிஜத்தில் ஐந்தடி இரண்டு அங்குலம், திருச்சியில் மோட்டார் பம்பு விற்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் எங்கும் போகவில்லை.

அந்தக் கடையில் எங்கள் எல்லாருக்கும் செல்லம் அண்ணாச்சிதான். மடித்துக் கட்டிய வேட்டி, வெள்ளை மீசை, மூலை பெஞ்சு. குரலில் பேச மாட்டார், எழுத்தில்தான் பேசுவார். அந்த எழுத்திலேயே நெல்லை வாடை அடிக்கும். டிசம்பரில் ஒரு ஆள் அடுத்தவர் பெயரில் நுழைந்து பெண்களிடம் வம்பு செய்தான். அதனால் ஜனவரிக் கடைசி ஞாயிறு முதல் எல்லாரும் குரலில்தான் பேச வேண்டும் என்று முடிவெடுத்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். அண்ணாச்சி ஒரே வரிதான் எழுதினார்: “அப்பம் நான் வரல வே.”

எனக்கு மனசு கேட்கவில்லை. நேரில் வந்து பேசுகிறேன் என்று நச்சரித்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “பாபநாசம் படித்துறை. சனிக்கிழமை பத்தரை.”

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குத் திருச்சியில் ரயில் ஏறினேன். நூற்று முப்பது ரூபாய், ஐந்தேகால் மணி நேரம். வண்ணார்பேட்டையில் எழுநூறு ரூபாய்க்கு அறை. பேருந்துச் சத்தம் வேண்டாம் என்றால் பின்பக்க அறையாகக் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டுவிட்டுப் பட்டேன். சனிக்கிழமை ஏழரைக்குப் புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, இரண்டு மணி நேரம், நாற்பத்தைந்து ரூபாய். முன் இருக்கை பிடியுங்கள். அம்பாசமுத்திரம் தாண்டினால் வயலுக்கு அந்தப் பக்கம் மலை முழுசாகத் தெரியும். “படித்துறைக்கா? கோயில் வாசல்லயே எறக்கி விடுதேன், பைய எறங்குங்க” என்றார் நடத்துநர்.

படித்துறையில் இருபது பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பத்தரை ஆனதும் நான் பாட்டுக்கு “அண்ணாச்சி!” என்று குரல் கொடுத்தேன். ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் அப்படிக் கூப்பிட்டால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? அசடு வழிய நின்றேன். மேல் படியில் குடையோடு உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். அறுபது வயது இருக்கும்.

“எத்தன பேரத்தான் கூப்பிடுவீரு வே? நாந்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீரு இவ்வளவுதானா? அண்ணாந்து பாக்கணும்னுல்லா நெனச்சேன்.” சரிக்குச் சரியாகிவிட்டது.

அவர் பெயர் ஜெபக்கனி. கணக்கு டீச்சர். முதலில் விக்கிரமசிங்கபுரத்தில், பிறகு பாளையங்கோட்டையில், மொத்தம் முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். “நான் ஆம்பளைன்னு ஒருநாளும் சொல்லலியே. மீசைய வச்சேன். நீங்களாத்தான் அண்ணாச்சின்னு கூப்பிட்டீங்க” என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மீசை எதற்கு என்று கேட்டேன். “காட்டுதேன், வாரும்.”

ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய். விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலைக்குப் போகும் ரோட்டில் ஒரு டீக்கடை. ஆறேழு பேர் கபடிப் போட்டி ஒன்றைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் காலைக் கீழே வைத்ததுதான் தாமதம், நரைத்த மீசைக்காரர் ஒருவர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார். பக்கத்து ஆள் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து, “டீச்சர், இங்கன உக்காருங்க” என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கபடிப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

டீயை வாங்கிக்கொண்டு தள்ளி வந்து நின்றோம். “பாத்தீரா? மரியாதைதான், கொற சொல்லல. ஆனா ஒரு பேச்ச ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் கேக்கணும்னு எனக்கு ஆசை. நம்ம கடைக்கு மீசையோட வந்தா எவனும் வேட்டிய எறக்க மாட்டான்.”

“இதுக்காகவா வரலேங்கிறீங்க? நாங்க யாரும் எழுந்திருக்க மாட்டோம் டீச்சர்.”

“அது மட்டும்னா பரவால்ல. புலி இருக்கான்லா?”

புலி எங்கள் ஆள். துபாயில் கிரேன் ஓட்டுகிறான், எங்கள் கடைக்குப் புலி உருவத்தில் வருவான். நிஜப் பெயரைச் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் தனக்கு நடந்ததை ஒரு தடவை எங்களிடம் எழுதியிருந்தான். பரீட்சையில் ஒரு கணக்கை டீச்சர் சொல்லித்தராத வழியில் போட்டானாம். விடை பக்கத்துப் பையனுடையதோடு ஒத்துப்போக, பார்த்து எழுதினாய் என்று மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்களாம். நாலாம் நாள் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. அதோடு படிப்பு முடிந்தது. கணக்கை மட்டும் மறக்காமல் வைத்திருந்து வரிவரியாக எழுதிக் காட்டினான். மறுநாள் அண்ணாச்சி “நீ போட்டது சரிலே” என்று எழுத, புலி ஆற்றங்கரை முழுக்கத் துள்ளி ஓடியது. நாங்கள் கைதட்டினோம்.

“அந்த டீச்சர் நாந்தான்” என்றார்.

டீ கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. “கணக்கப் பாத்ததுமே ஆளு தெரிஞ்சுபோச்சு. நோட்டுல மூணு தடவ போட்டுப் பாத்தேன். என் வழிய விட அவன் வழி சின்னது. இப்பம் என் கொரலக் கேட்டான்னா கண்டுபிடிச்சிருவான். அந்தச் சரியும் பொய்யின்னு ஆயிரும். ரெண்டாந் தடவையும் நான் அவனுக்கு அநியாயம் செஞ்சவளாயிருவேன்.”

எனக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல வராது. “அண்ணாச்சி சரின்னு சொன்னா அது ஆறுதல் டீச்சர். தப்புன்னு சொன்ன வாய்தானே சரின்னு சொல்லணும்?” என்றேன். அவர் டீக்குக் காசு கொடுத்தார், ஒன்றரை மணி வண்டியில் என்னை ஏற்றிவிட்டார். “சாப்பிட்டுப் போம்” என்றுகூடச் சொல்லவில்லை. நெல்லைக்காரர் அதைச் சொல்லாமல் விட்டால் மனசு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரியில் ஆற்றில் நல்ல தண்ணீர், வெயிலும் இதமாக இருக்கும். படித்துறையில் பாசி வழுக்கும், செருப்பை மேலேயே விடுங்கள். மீன் வாழும் தண்ணீரில் சோப்பு போடாதீர்கள், பழைய துணியை ஆற்றோடு விடாதீர்கள். இணைய நண்பரைப் பார்ப்பதென்றால் பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே உள்ள உருவம் பொய் என்று முடிவு கட்டிக்கொண்டும் போகாதீர்கள். என் ஆறரை அடியில் கொஞ்சம் வீண் ஜம்பம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்த வெள்ளை மீசையில் அப்படி எதுவும் இல்லை. டீச்சரால் கேட்க முடியாததை அந்த மீசை கேட்டது.

கடைசி ஞாயிறு, மாலை ஆறு மணி. கடையில் எல்லாரும் இருந்தோம், புலியும் இருந்தான். அண்ணாச்சி வந்து மூலை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் முதல் முறையாக மைக் விளக்கு எரிந்தது.

“நான் ஜெபக்கனி. கணக்கு டீச்சர். இசக்கிமுத்து, ஒன்ன வெளிய நிறுத்துனது நாந்தான். நீ பாத்து எழுதல. நீ போட்டது சரி. தப்பு எம்மேலதான்.”

கடையில் இருப்பவர்களின் பட்டியலிலிருந்து புலியின் பெயர் மறைந்துவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். டீச்சர் பெஞ்சை விட்டு அசையவில்லை, மைக்கையும் அணைக்கவில்லை.

அப்புறம் புலி வந்தது. வழக்கமாக வந்ததும் பெஞ்சில் தாவி ஏறுகிறவன், கடைக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். மைக் விளக்கு எரிந்தது.

“உள்ள வரலாமா டீச்சர்?”