ஸ்தோயங்காவின் பத்துச் சுற்று

சிவப்பு இருக்கை லிண்டன் மரத்தைக் கடந்ததும் ஸ்தோயங்கா கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்துகிறாள். அதன்பின் பத்தாவது முறை கடக்கும்போது மறுபடியும் அழுத்துகிறாள். அறுபது விநாடி. சுற்றுக்கு ஆறு. "ஒரே சுத்தை அளந்தா என் கட்டைவிரல் தயங்கினதும் அதுல சேந்துரும். பத்துச் சுத்தை அளந்து பத்தால வகுத்தா, அந்தத் தயக்கமும் பத்துல ஒண்ணாயிரும்" என்பாள், யாரும் கேட்காமலே.

வித்தின் நகரில், டான்யூப் கரைப் பூங்காவில், சங்கிலிகளில் இருக்கைகள் தொங்கும் ராட்டினத்தை ஓட்டுபவள் அவள்தான். வயது ஐம்பத்தெட்டு. தையல் ஆலையை மூடியபிறகு இங்கே வந்தாள். முதல் குளிர்காலத்தில், பூங்கா பெஞ்சில் யாரோ விட்டுப்போன, அட்டை கிழிந்த இயற்பியல் பாடநூல் ஒன்றைப் படித்து முடித்தாள். அன்றிலிருந்து சுழலும் எதையும் அவளால் சும்மா பார்க்க முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் சலவை எந்திரம் ஓடினால் சுவரில் காதை வைத்து எண்ணுவாள். "உன் எந்திரம் இன்னிக்குச் சோம்பேறியா சுத்துது, துணி காயாது" என்று படியிலேயே சொல்லிவிட்டுப் போவாள்.

ராட்டினத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை நீளமுள்ள கயிறு ஒன்று வைத்திருக்கிறாள். அதை விளிம்போடு வளைத்து வைத்துக்கொண்டே போனால் முழு வட்டத்துக்கு ஆறு கயிறும் கொஞ்சமும் பிடிக்கும். ஆறு விநாடியில் ஒரு சுற்று என்றால், விநாடிக்கு ஒரு கயிறும் சொச்சமும். அவளுக்கு அதுதான் கோணவேகம். எங்கே உட்கார்ந்தால் வேகம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரே பதில்: "சுத்து எல்லாருக்கும் ஒண்ணுதான். வெளிவரிசைக்கு ஓட்டம் ஜாஸ்தி."

போன மே மாதம், பூங்காத் திருவிழாவன்று காலை, ராட்டினத்துக்குப் புது மோட்டார் வந்திருந்தது. முதலாளி ரங்கேல் வெறும் இருக்கைகளோடு ஓட்டிக் காட்டினான். மீட்டர் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றது. ஸ்தோயங்காவின் கடிகாரம் பத்துச் சுற்றுக்கு ஐம்பது விநாடிதான் காட்டியது.

"சுத்துக்கு ஒரு விநாடி குறையுது, ரங்கேல்."

"மீட்டர் புதுசு அக்கா, உன் கடிகாரம்தான் கிழடு. ஒரு விநாடியில என்ன முழுகிப்போச்சு?"

"வேகம் அஞ்சுல ஒரு பங்கு கூடினா, இழுப்பு கிட்டத்தட்டப் பாதி கூடும்டா. அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். சங்கிலி எவ்வளவு சாயுது பாரு. அந்த லிண்டன் மரக் கிளையைத் தொடப்போகுது."

"காலி இருக்கை பறக்கத்தான் செய்யும். ஆள் ஏறினா பாரத்துல தானா இறங்கிடும்."

"இறங்காது. கனமோ லேசோ, ஒரே வேகம்னா ஒரே சாய்வு."

வாசலில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. முன்னால் நின்ற சிறுமி ஏற்கெனவே கம்பி மேல் காலை வைத்துவிட்டாள். ரங்கேல் கதவைத் திறக்கப் போனான். ஸ்தோயங்கா மோட்டார் சாவியை உருவித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு பனித்சா பலகாரம் சுடும் கடையிலிருந்து ஒரு மாவு மூட்டையை இழுத்துவந்து, வெளிவரிசை இருக்கையில் கட்டிப்போட்டுவிட்டு ராட்டினத்தை ஓட்டினாள்.

மூட்டை இறங்கவில்லை. காலி இருக்கைகளோடு சமமாக எழுந்து, கிளையில் உரசியது. பச்சை இலைகள் கொட்டின. சாக்கு கிழிந்து, வரிசையில் நின்றவர்கள் தலையெல்லாம் மாவு. யாரோ சிரித்தார்கள். ரங்கேல் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையின் கால் எந்த உயரத்தில் தொங்கும் என்று அவன் கண்கள் அளந்துகொண்டிருந்தன.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். மோட்டாரின் சுழற்சி சரிதான்; மீட்டர் அதை வைத்துத்தான் ராட்டினத்தின் சுற்றைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் மோட்டாரோடு வந்த, பெல்ட்டை இழுக்கும் கப்பி பழையதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரியது; ராட்டினமும் அதே அளவு வேகமாகச் சுற்றியிருக்கிறது. பழையதை மாட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. மறுபடி ஓட்டியபோது பத்துச் சுற்றுக்கு அறுபது விநாடி.

"இப்போ சரிதானே, அக்கா?" ரங்கேலின் குரல் தணிந்திருந்தது.

கதவைத் திறந்தும் யாரும் ஏறவில்லை. மாவு படிந்த தலைகளோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினேழு வருடத்தில் ஸ்தோயங்கா அந்த ராட்டினத்தில் ஏறி யாரும் பார்த்ததில்லை. சாவியை ரங்கேலின் கையில் வைத்தாள். செருப்பைக் கழற்றிப் பலகையில் ஜோடியாக வைத்துவிட்டு, வெளிவரிசையில் உட்கார்ந்து கொக்கியை மாட்டிக்கொண்டாள்.