செல்வியின் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை

முதலில் விரலிடுக்கில் அரிப்புதான் வந்தது. திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நான் செவிலியர். குழந்தையைத் தொடும் முன்பும் பின்பும் சுவரில் மாட்டிய சானிடைசரை அழுத்திக் கைகளைத் தேய்க்க வேண்டும். அரிப்பு கொப்புளமாகி, வெடித்தது. பிறகு சானிடைசர் பட்டாலே எரிந்தது.

என்னோடு வேலை பார்த்த செல்வி என்னைவிட இளையவள். அதே பாட்டில்தான் அவளுக்கும். அவள் கைகளோ மஞ்சள் பூசிக் கழுவியவை போலிருக்கும். அவள் தேய்க்கும்போதெல்லாம் என் கண் அங்கேயே போகும். லாரி மெக்கானிக்கான என் கணவர் டீசலில் கை கழுவியும் அவருக்கு ஒன்றுமில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தினி நாளு இப்டியே சொறிஞ்சிக்கினு இருப்ப?" என்று அவர்தான் விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார்.

தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, எது தடிக்கிறது என்று பார்ப்பது) செய்தார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது, சானிடைசரில் கலக்கும் வாசனைப் பொருள் ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. ஒவ்வாமைத் தோல் அழற்சி (ஒத்துக்கொள்ளாத பொருள் பட்டுத் தோல் புண்ணாவது) என்றார்.

"புண்ணு ஆறிடும்மா. ஆனா உடம்பு இத மறக்காது. அந்த வாசனை எப்பப் பட்டாலும் திரும்ப வரும்."

மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் நான் கேட்டது வேறு. "கூட வேலை செய்றவங்களுக்கு ஏன் சார் வரல?"

"அது அவங்கவங்க உடம்பும்மா."

ஆறும்வரை என்னைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அதுவரை, எடை குறைந்து பிறந்த மரக்காணத்துக் குழந்தை ஒன்றுக்கு நான் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலை செல்விக்குப் போனது.

ஒருநாள் அவள் ஓடிவந்து, "அக்கா, உங்க கொழந்த நல்லா குடிக்குது. எடை ஏறிக்கினே இருக்குது" என்றாள். குழந்தை தேறியதில் மகிழ்ச்சிதான். அவள் கையில் தேறியதைத்தான் தாங்க முடியவில்லை. நான் மறுபடி தூக்காமலேயே அது வீட்டுக்குப் போய்விட்டது.

தலைமைச் செவிலியரிடம் பேசி வாசனையில்லாத பாட்டிலை வரவழைத்ததும் செல்விதான். நான் பிரிவுக்குத் திரும்பினேன். நன்றி சொன்னேன். பொறாமை மட்டும் போகவில்லை.

உங்களுக்கும் அரிப்பு தொடங்கியிருந்தால் கையுறைக்குள் மறைக்காதீர்கள். நீங்கள் தேய்க்கும் சானிடைசர் பாட்டிலோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.

என் கைகள் ஆறிவிட்டன. ஆனால் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்க வந்தால், நான் நினைப்பதற்கு முன்பே அவை முந்தானைக்குள் போய்விடுகின்றன. காலையில் விழித்ததும் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். வலிக்கவில்லை என்றால் இன்றைய பொழுது என்னுடையது. நாளையைப் பற்றி அவற்றிடம் கேட்பதில்லை.